புது முயலும் புது வீடும்

வீட்டிற்கு ஒரு முயற்குட்டி வந்து சேர்வது பெரும்பாலும் குழந்தைகளின் பிடிவாதத்தினாலேயே ஆகும். பெரியவர்கள் எவரும் முன்கூட்டி எண்ணிப் பார்த்து முயல் வாங்குவதில்லை. ஏதோ ஓர் அலுவலாகப் பெங்களூர்ச் சந்தைப் பக்கம் சென்றவர், கம்பிக் கூண்டில் பஞ்சுருண்டைகள்போலக் குவிந்து கிடக்கும் குட்டிகளைக் காண்கிறார். உடன் வந்த பிள்ளையின் முகத்தையும் காண்கிறார். மனம் இளகி ஒன்றை அட்டைப் பெட்டியில் இட்டுக்கொண்டு மாரிக்குப்பம் இரயிலில் ஏறிவிடுகிறார். கோரமண்டல் நிலையத்தில் இறங்கும்போதுதான், ‘இது என்ன தின்னும்?’ என்ற கேள்வி அவருக்கு எழுகிறது.

எங்கள் வீட்டிற்கு முதல் முயல் வந்ததும் இவ்விதமே. அது மூன்றாம் நாள் இறந்துபோயிற்று. ‘மூன்று மாதக் குட்டி’ என்று விற்றவர் சொன்னார். உண்மையில் அதற்கு ஒரு மாதம்கூட நிரம்பியிருக்கவில்லை என்பது பின்னரே எனக்குப் புரிந்தது. தாய்ப்பால் மறவாத அக்குட்டிக்கு நாங்கள் பசும்பாலில் ரொட்டியை ஊறவைத்துக் கொடுத்தோம். தெருப் பிள்ளைகள் அனைவரும் முறை வைத்துக்கொண்டு அதைத் தூக்கிக் கொஞ்சினார்கள். அது ஒருமுறையும் கத்தவில்லை; கடிக்கவில்லை; ஓடவுமில்லை. ‘எவ்வளவு சாதுவான பிராணி!’ என்று வியந்தோம். அந்த அமைதி சாதுத்தன்மை அன்று, அச்சத்தால் விறைத்துப்போன நிலை என்பதை அறிய எங்களுக்கு ஓர் உயிரின் விலை ஆயிற்று. இரண்டாவது முயல் எட்டாண்டுகள் எங்களோடு வாழ்ந்தது. இவ்விரண்டிற்கும் இடையில் நான் கேட்டும் படித்தும் கண்டும் அறிந்தவற்றையே இவ்வுரையில் சொல்லப் போகிறேன்.

வீட்டு முயலையும் காட்டு முயலையும் ஒன்றென எண்ணுதல் பொதுவான பிழை. கோலார் மாவட்டத்துப் புதர்க்காடுகளிலும் நம் தமிழ்நாட்டுப் புன்செய் வரப்புகளிலும் பாய்ந்தோடும் பழுப்பு நிற முயல் வேறோர் இனம். அதன் குட்டிகள் கண் திறந்தும் உரோமம் மூடியும் பிறக்கின்றன. 1972-ஆம் ஆண்டின் வனவுயிர் பாதுகாப்புச் சட்டம் அதற்குக் காப்பளிக்கிறது. அதைப் பிடிப்பதும் வளர்ப்பதும் குற்றமாகும். நாம் வீட்டில் வளர்ப்பதோ ஐரோப்பாவின் தென்மேற்கு மூலையில், ஸ்பெயின், போர்ச்சுகல் நாடுகளின் மண்ணில் வளை தோண்டிக் கூட்டமாய் வாழ்ந்த இனத்தின் வழித்தோன்றல். அதன் குட்டிகள் கண் மூடி, உரோமமின்றி, செந்நிறத் தசைத் துண்டுகள்போலப் பிறக்கும். கொடைக்கானல் மலையில் மன்னவனூரிலுள்ள மத்திய அரசின் செம்மறியாடு ஆராய்ச்சி நிலையத்தில் வளர்க்கப்படும் சோவியத் சின்சில்லா, வெள்ளை ஜெயன்ட் ஆகிய இனங்களும் இந்த வம்சமே. அவை நன்கு வளர்ந்தால் நான்கு கிலோவைத் தொடும். சந்தையில் உள்ளங்கையில் அடங்கிய குட்டி அரையாண்டில் மடியை நிறைத்துவிடுவதைக் கண்டு பலர் திகைப்பதற்குக் காரணம் இதுதான். ‘இது வளராத சாதி’ என்று விற்பவர் கூறினால் நம்ப வேண்டாம். அவர் பிடித்த முயலுக்கு மூன்றே கால்!

இந்த வம்சத்தின் இயல்பில் ஒன்றை மட்டும் மனத்தில் ஆழப் பதித்துக்கொண்டால் மற்றவை எளிதில் விளங்கும். முயல் பிறருக்கு இரையாகும் பிராணி. நாயும் பூனையும் நோயுற்றால் முனகும், நம்மிடம் வந்து படுத்துக்கொள்ளும். முயலோ நோயை மறைக்கும். வலியைக் காட்டிக்கொள்ளும் முயலைத்தான் பருந்தும் நரியும் முதலில் தேர்ந்தெடுக்கும் என்பதனால், பல்லாயிரம் தலைமுறைகளாக அது மௌனத்தைக் கற்றிருக்கிறது. ஆகவே அதன் வாயைப் பார்த்து நலம் அறிய இயலாது. அது தின்பதையும் அதன் புழுக்கையையும் பார்த்துத்தான் அறிய வேண்டும். புழுக்கையைப் பற்றி வானொலியில் பேசுவதா என்று முகம் சுளிக்க வேண்டாம்; முயல் வளர்ப்பவருக்கு அதைவிட உண்மை பேசும் சாட்சி வேறில்லை.

இனி, நம் இடத்தைப் பற்றிச் சிறிது எண்ணுவோம். 1880-ஆம் ஆண்டளவில் ஜான் டெய்லர் கம்பெனியார் இங்குச் சுரங்கம் தொடங்கியபின், வட ஆர்க்காடு முதலிய மாவட்டங்களிலிருந்து நம் மூதாதையர் வந்து குடியேறினார்கள். அவர்களுக்கென எழுந்தவையே இந்த லைன் வீடுகள். 2001-ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்கள் 28-ஆம் நாள் சுரங்கம் மூடப்பட்டது. வீடுகளும் மக்களும் எஞ்சினர். தகரமோ ஓடோ வேய்ந்த தாழ்ந்த கூரை, சுவரோடு சுவர் ஒட்டிய அண்டை வீடு, வாசலில் உலவும் தெருநாய்கள், இரும்புக் கதவு அடிபடும் ஓசை, திருவிழாவில் ஒலிபெருக்கி - இவையே கோரமண்டலில் நம் புது விருந்தாளி காணும் உலகம். தமிழர் குடியேறி வாழும் தாராவியிலும் தில்லியிலும் வீட்டின் அளவு பெரும்பாலும் இவ்வளவே. தோட்டமும் புல்வெளியும் உள்ளவருக்கு எழுதப்பட்ட மேனாட்டு நூல்களின் யோசனைகள் நமக்கு அவ்வளவாகப் பயன்படா.

ஆயினும் சிறிய வீட்டில் முயல் வாழ இயலாது என்பதில்லை. முதல் ஏழு நாள்களே முக்கியம். முயல் வருவதற்கு முன்பே அதன் இடத்தை ஆயத்தம் செய்துவிட வேண்டும். ஆள் நடமாட்டம் குறைந்த ஒரு மூலை போதும்; அடுப்பின் அருகிலோ, தொலைக்காட்சிப் பெட்டியின் அருகிலோ, வெயில் அறையும் தகரச் சுவரை ஒட்டியோ வேண்டாம். கூண்டு மூன்று தாவல் தாவும் நீளமும், பின்னங்கால்களில் எழுந்து நின்றால் காது இடிக்காத உயரமும் உடையதாக இருக்கட்டும். அடித்தளம் முழுவதும் கம்பி வலையாக இருந்தால் பாதங்களில் புண் உண்டாகும். பாதியளவாவது பலகையோ தடித்த சாக்கோ விரித்தல் வேண்டும். உள்ளே ஒருபுறம் வாசல் வெட்டிய ஒரு மரப் பெட்டியையோ அட்டைப் பெட்டியையோ கவிழ்த்து வையுங்கள். அதுதான் அதற்கு வளை. அச்சம் வந்தால் ஓடி ஒளிய ஓரிடம் உண்டு என்று தெரிந்த முயலே வெளியில் வரத் துணியும். ஒளிய இடமில்லாத முயல் எந்நேரமும் அஞ்சிக்கொண்டே இருக்கும்.

முதல் இரண்டு நாள்கள் உணவும் நீரும் வைப்பதைத் தவிர வேறெதுவும் செய்ய வேண்டாம். பிள்ளைகளுக்கு இது பெருந்தண்டனைதான். ‘தாத்தா, ஒரே ஒரு முறை தொட்டுப் பார்த்துக்கொள்கிறேன்’ என்று என் பேரன் கெஞ்சியபோது, ‘நீ புதுப் பள்ளியில் சேர்ந்த முதல் நாளில் வகுப்புப் பிள்ளைகள் எல்லாரும் உன்னைத் தூக்கிப் பார்த்திருந்தால் எப்படி இருந்திருக்கும், கண்ணு?’ என்றேன். அவன் சிறிது யோசித்துவிட்டுக் கையை மடக்கிக்கொண்டான். மூன்றாம் நாளிலிருந்து கூண்டின் அருகே தரையில் அமர்ந்து தன் பாடத்தை மெல்லிய குரலில் படிக்கலானான். ஐந்தாம் நாள் முயல் தானாக வந்து அவன் கால்விரலை முகர்ந்தது. அதன்பின் அவன் கையிலிருந்து கொத்தமல்லித் தழையைத் தின்றது. நாம் முயலிடம் செல்வதன்று, முயல் நம்மிடம் வருவதே நட்பின் தொடக்கம்.

தூக்கும் முறையையும் இவ்விடத்திலேயே சொல்லிவிடுகிறேன். காதைப் பற்றித் தூக்குவது கொடுமை. சந்தையில் அவ்விதம் செய்கிறார்களே என்று நாம் பின்பற்றலாகாது. ஒரு கை மார்பின் கீழும் மற்றொரு கை பின்புறத்தின் கீழுமாகத் தாங்கி, நம் உடலோடு அணைத்துக்கொள்ள வேண்டும். முயலின் எலும்புகள் இலேசானவை. பின்னங்கால் தசைகளோ மிகுந்த வலிமை வாய்ந்தவை. பின்புறம் தாங்கப்படாமல் தொங்கும்போது அது ஓர் உதை உதைத்தால், தன் வலிமையாலேயே தன் முதுகெலும்பை முறித்துக்கொள்ளக்கூடும். ஆதலின் சிறு பிள்ளைகள் முயலைத் தூக்கவே வேண்டாம். தரையில் அமர்ந்து தடவிக் கொடுக்கட்டும்.

உணவுதான் மிகுதியாகப் பிழை நேரும் இடம். படக் கதைகளைப் பார்த்துவிட்டு முயலின் உணவு காரட் என்று நாம் முடிவு செய்துவிட்டோம். காரட்டு அதற்கு மிட்டாய் போன்றது. விரற்கடை அளவுத் துண்டு எப்போதாவது கொடுக்கலாம். அதன் மெய்யான உணவு புல். முயலின் பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டே இருப்பவை. நார்ப்பொருளை மணிக்கணக்கில் மென்று அரைத்தால்தான் அவை தேய்ந்து அளவில் நிற்கும். குடலும் அவ்வாறே. நார் உள்ளே சென்றுகொண்டிருக்கும் வரையில்தான் அது அசையும். அரிசிச் சோறு, பிஸ்கோத்து, ரொட்டி முதலியவை அக்குடலில் புளித்துக் காற்றை உண்டாக்கி உயிருக்கே உலை வைத்துவிடும். அன்புடன் ஊட்டிய பிஸ்கோத்தால் மாண்ட முயல்கள் நாய் கடித்து மாண்டவற்றைவிடக் குறைவாக இரா என்றே எனக்குத் தோன்றுகிறது.

எந்நேரமும் கூண்டில் உலர்ந்த புல் கிடக்க வேண்டும். நகரத்துக் கடைகளில் உறையிட்டு விற்கும் உயர்ந்த ரகப் புல் கிடைக்காவிடில், அறுகம்புல்லை அறுத்து நிழலில் உலர்த்திக் கொள்ளலாம். கோலார் கேழ்வரகு விளையும் சீமை. பூஞ்சணம் பிடிக்காத கேழ்வரகுத் தாளும் மெல்லுவதற்கு நன்று. பசுந்தழையில் கொத்தமல்லி, முள்ளங்கி இலை, கல்யாண முருங்கை இலை, சிறிதளவு முருங்கைக்கீரை ஆகியவற்றை ஒவ்வொன்றாக, நாளுக்குச் சிறிதாகப் பழக்க வேண்டும். சந்தையில் கேட்டு வாங்க வேண்டியவர்களுக்காகச் சொல்கிறேன்: அறுகு கன்னடத்தில் கரிகெ, கொத்தமல்லி கொத்தம்பரி சொப்பு, முருங்கைக்கீரை நுக்கெ சொப்பு. மும்பையிலுள்ளோர் பிள்ளையார் பூசைக்கு விற்கும் தூர்வாவைக் கேட்டால் அறுகே கிடைக்கும். விற்றவர் அதுவரை என்ன தீனி கொடுத்தாரோ அதையும் கேட்டறிந்து, முதல் வாரம் அதையே கொடுத்துப் பின்னர்ப் படிப்படியாக மாற்றுக. திடீரென மாற்றும் தீனி குட்டிகளுக்குக் கழிச்சலைத் தரும்.

கொடுக்கத் தகாதவையும் உண்டு. கோலார் தக்காளிக்குப் பெயர் பெற்ற மாவட்டம். வண்டி வண்டியாகத் தக்காளிச் செடி கிடைக்கிறதே என்று அதன் தழையைப் போட்டுவிடாதீர்கள், அது நஞ்சு. உருளைக்கிழங்குத் தழை, வெங்காயம், பூண்டு, அரளி, உன்னிச்செடி, பாழிடமெங்கும் மண்டிக் கிடக்கும் பார்த்தீனியம் ஆகியனவும் விலக்கத்தக்கவை. தங்கவயல்வாசிகளுக்கு மற்றொன்றும் சொல்ல வேண்டும். பொன் பிரித்தெடுத்த பின் எஞ்சிய அரைமண் கொட்டப்பட்டு உயர்ந்த சயனைடு மேடுகள் நம் கண் முன்னே நிற்கின்றன. மழைக்குப் பின் அவற்றின் ஓரத்தில் புல் தளிர்க்கும். அறுப்பதற்கு எளிதாக, இலவசமாக, பசுமையாகவும் தோன்றும். அந்தப் புல் வேண்டாம். அந்த மண்ணில் என்னென்ன தங்கியிருக்கிறதோ அது வேர் வழியே புல்லில் ஏறும். இரண்டு கிலோ எடையுள்ள சிற்றுடலுக்குச் சிறிதளவும் மிகுதியே. காற்றுக் காலத்தில் மேட்டிலிருந்து எழும் வெண்புழுதி கூண்டின் பக்கம் வீசாதவாறு ஒரு ஈரச் சாக்கைத் திரையாகத் தொங்கவிடுவதும் நலம். முயல் மூக்கினால் மட்டுமே மூச்சு விடும் பிராணி. மூக்கடைத்தால் நம்மைப்போல் வாயைத் திறந்து சமாளிக்க அதற்கு இயலாது.

நீரைக் கனத்த மண்சட்டியில் வையுங்கள். இலேசான கிண்ணத்தை அது கவிழ்த்துவிடும். உடல் எடையின் ஒவ்வொரு கிலோவிற்கும் நாளொன்றுக்கு ஏறக்குறைய 100 மில்லிலிட்டர் என்று கணக்கிடலாம். வெயிற்காலத்தில் இன்னும் மிகுதி. நம் ஊர் கடல்மட்டத்திற்கு மேல் 800 மீட்டருக்கும் அதிகமான உயரத்தில் இருப்பதனால் இரவுகள் குளிர்ச்சியானவை. எனினும் சித்திரை மாதப் பிற்பகலில் தகரக் கூரையின் கீழ் நிற்கும் வெப்பத்தை நாம் அறிவோம். முயலுக்கு வியர்வை இல்லை. அது தன் உடல் வெப்பத்தைக் காதுகளின் வழியாகவே பெரிதும் வெளியேற்றுகிறது. 30 பாகை சென்டிகிரேடுக்கு மேல் வெப்பம் சென்றால் அதற்குத் துன்பம். மூச்சு இரைத்து, மூக்கு நனைந்து, உடல் தொய்ந்தால் ஆபத்து. கூரைமேல் நனைத்த சாக்கு, கூண்டினுள் குளிர்ந்த நீர் நிரப்பி வாய் மூடிய ஒரு மண்குடம், காதுகளின் மேல் ஈரக் கையால் ஒரு தடவல் - இவை போதும். தண்ணீரில் முக்கி எடுப்பது கூடாது. அந்த அதிர்ச்சியே அதைக் கொன்றுவிடும். குளிப்பாட்டும் வழக்கமே வேண்டாம். பூனையைப்போல் அது தன்னைத் தானே சுத்தம் செய்துகொள்ளும்.

சுரங்கம் மூடிய பின் நம்மில் பலருக்கு வாழ்வு இரயிலோடு பிணைந்துவிட்டது. விடியுமுன் புறப்பட்டுப் பெங்களூர் சென்று, இருட்டிய பின் திரும்புகிறோம். பகலெல்லாம் பூட்டிய வீட்டில் முயல் தனித்திருக்குமே என்று இரங்குவோர் உண்டு. இங்கு இயற்கை நமக்குச் சிறிது துணை செய்திருக்கிறது. முயல் விடியலிலும் அந்தியிலும்தான் விழித்துத் துள்ளும், நண்பகலில் உறங்கும். நாம் விளக்கேற்றி எழும் வேளையும் களைத்துத் திரும்பும் வேளையும் அதன் விளையாட்டு வேளைகளே. அவ்விரு வேளைகளிலும் கூண்டைத் திறந்து அறையில் உலவ விடுங்கள். மின்கம்பிகளை மட்டும் அதன் வாய்க்கு எட்டாமல் உயர்த்திக் கட்டிவிடுங்கள். புறப்படுமுன் புல்லும் நீரும் நிறைந்திருக்கின்றனவா என்று பார்ப்பதும், அண்டை வீட்டு அக்காவிடம் ஒரு சாவி கொடுத்து வைப்பதும் இரயிற் பயணிகள் மறக்கலாகாதவை.

திரும்பியதும் முதற்காரியமாகக் கூண்டின் அடியைப் பாருங்கள். உருண்டையான, உலர்ந்த, ஏறத்தாழ ஒரே அளவான புழுக்கைகள் நிறையக் கிடந்தால் கவலையில்லை. அவை சிறுத்தோ, அரிதாகியோ, முற்றும் நின்றோ போனால், காலையில் வைத்த புல் வைத்தபடியே கிடந்தால், அது நெருக்கடி. முயலின் குடல் அசைவு நின்றுவிட்டது என்பதே அதன் பொருள். 12 மணி நேரம் உண்ணாத முயலை மறுநாள் பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது. அந்த மறுநாள் பெரும்பாலும் வருவதில்லை. உடலைக் கதகதப்பாக வைத்துக்கொண்டு உடனே கால்நடை மருத்துவரிடம் செல்ல வேண்டும். பெங்களூர் எப்பாலில் உள்ள கால்நடை மருத்துவக் கல்லூரியும், மும்பைவாசிகளுக்குப் பரேலிலுள்ள மருத்துவமனையும் அறிந்து வைத்துக்கொள்ளத் தக்கவை. வீட்டிலிருக்கும் மனித மருந்துகளைக் கொடுக்க வேண்டாம். பென்சிலின், அமாக்சிசிலின் போன்றவை வாய்வழி சென்றால் முயலின் குடலில் வாழும் நல்ல நுண்ணுயிர்களை அழித்து மரணத்தை விளைவிக்கும். நாய்க்குத் தெளிக்கும் உண்ணி மருந்துகளிலும் முயலுக்கு நஞ்சானவை உள.

விடியற்காலத்தில் முயல் குனிந்து தன் பின்புறத்திலிருந்து எதையோ எடுத்து விழுங்குவதைக் கண்டு சிலர் அருவருத்து அதை விரட்டுவர். அது கொத்தாக வரும் மென்மையான வேறொரு வகைப் புழுக்கை. ஒருமுறை செரித்ததில் தப்பிய சத்துக்களை அது இவ்வாறு மீண்டும் பெறுகிறது. மாடு அசைபோடுவதைப் பார்த்து நாம் அருவருப்பதில்லையே! காதினுள்ளோ மூக்கின் மேலோ வெண்ணிறப் பொருக்குத் தோன்றினால் அது சொறிப்பூச்சியின் வேலை. நம் நாட்டு முயல்களை மிகுதியாகத் தாக்குவது இதுதான். மருத்துவர் ஊசியால் எளிதில் குணப்படுத்துவார். வேப்பெண்ணெய் தடவிக் காலம் கடத்த வேண்டாம்.

துணைக்கு மற்றொரு முயல் வாங்கலாமா என்று கேட்பார்கள். முயல் கூட்டத்தில் வாழும் பிராணி. துணை இருத்தல் அதற்கு இன்பமே. ஆனால் ஆணும் பெண்ணுமாக வாங்கிவிட்டால், கருவுற்ற 31 நாள்களில் ஐந்தாறு குட்டிகள் பிறக்கும். பிறந்த அன்றே தாய் மீண்டும் கருவுறவும் கூடும். லைன் வீட்டில் இந்தக் கணக்கு எங்கே போய் முடியும் என்பதை நான் விளக்க வேண்டியதில்லை. குட்டிகளாக இருக்கும்போது பாலினம் அறிவது கடினம். மருத்துவரிடம் காட்டி உறுதி செய்துகொண்டு, நான்கு மாதம் நிரம்புமுன் பிரித்து வைக்க வேண்டும், அல்லது கருத்தடை செய்ய வேண்டும். அப்படியும் குட்டிகள் பிறந்துவிட்டால் ஒன்றை நினைவில் கொள்க. தாய் தன் மார்பு உரோமத்தைப் பிய்த்து மெத்தையிட்டுக் குட்டிகளை மூடிவிட்டு அப்பால் போய் உட்கார்ந்துகொள்ளும். நாளுக்கு ஒருமுறையோ இருமுறையோ வந்து, சில நிமிடங்களே பால் கொடுக்கும். பகைவிலங்கு தன் மோப்பத்தைப் பின்பற்றிக் குட்டிகளைக் கண்டுபிடிக்காதிருக்க அது செய்யும் தந்திரம் இது. ‘தாய் கைவிட்டுவிட்டது’ என்று எண்ணிப் பசும்பால் புகட்டிக் குட்டிகளைக் கொன்றவர்கள் பலர். குட்டிகளின் வயிறு உருண்டு, தோல் சுருக்கமின்றி இருந்தால் அவை பாலுண்டிருக்கின்றன என்று அறிக. எட்டு வாரம் நிரம்பாத குட்டியைத் தாயிடமிருந்து பிரித்து எவருக்கும் கொடுக்க வேண்டாம்; நீங்கள் வாங்கும்போதும் இந்த வயதையே கேளுங்கள்.

எங்கள் இரண்டாவது முயல் வந்து ஏறக்குறைய ஒரு மாதம் ஆகியிருக்கும். ஒருநாள் அந்தியில், அடுக்களைக்கும் கூடத்திற்கும் இடையே துள்ளிக்கொண்டிருந்த அது திடீரெனப் பக்கவாட்டில் பொத்தென்று சாய்ந்து, கால்களை நீட்டி, கண்கள் பாதி மூடிக் கிடந்தது. ‘ஐயோ, தாத்தா! இதுவும் போய்விட்டது!’ என்று பேரன் அலறினான். எனக்கும் முதல் முயலின் நினைவு வந்து நெஞ்சு படபடத்தது. அருகில் குனிந்து பார்த்தேன். விலா சீராக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. மூக்கு மெல்லத் துடித்தது. எங்கள் காலடி ஓசைக்கு அது ஒரு காதை மட்டும் திருப்பிவிட்டு மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டது. பகைவருக்கு அஞ்சும் முயல் ஒருபோதும் அவ்வாறு படுப்பதில்லை. ஓடுவதற்கு ஆயத்தமாகக் கால்களை மடக்கிக் கொண்டுதான் உறங்கும். கோரமண்டலில் எங்கள் வீட்டுச் சிமெண்டுத் தரையைத் தன் வீடென்று அது ஏற்றுக்கொண்டது அன்றைக்குத்தான்.